டயலெக்டிக்குக்கு எத்தனை ஆள் வேணும்?

ஒரே ஒரு வார்த்தையால மூணு வாரம் தூக்கம் போச்சுன்னா நம்புவீங்களா?

கடன் இல்ல. காதலும் இல்ல (அந்த வயசெல்லாம் போச்சு).

டயலெக்டிக்.

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத் தத்துவம் பத்தி ஒரு புத்தகத்தை மொழிபெயர்க்க ஒத்துக்கிட்டிருந்தேன். பதிப்பகம் பேரு இங்க வேணாம், இன்னும் பணம் வரணும். அவங்க கூடவே ஒரு கலைச்சொல் பட்டியலும் அனுப்பினாங்க. எக்ஸெல் கோப்பு. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். டயலெக்டிக்னா இயங்கியல், லாஜிக்னா தர்க்கம். அடியில தடிச்ச எழுத்துல ஒரு கட்டளை: ஒரு சொல்லுக்கு ஒரே சொல், புத்தகம் முழுக்க.

பார்க்க நல்ல விதியாத்தான் இருந்துச்சு. நானும் நல்ல பொண்ணா அப்படியே போட்டுட்டுப் போனேன். ராத்திரி உட்கார்ந்து வாசிச்சா, சாக்ரட்டீஸ் ஏதென்ஸ் சந்தையில நின்னு போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் 'இயங்கியல்' பண்ணிட்டிருக்கார்.

இயங்கியல் நல்ல சொல்தான், தப்பா நினைக்காதீங்க. ஹெகல், மார்க்ஸ் பக்கம் அது கச்சிதமா உட்காரும். முரண்பாடு, மோதல், அதுல பிறக்கிற இயக்கம்னு ஒரு பெரிய படமே அந்தச் சொல்லுக்குள்ள இருக்கு. ஆனா சாக்ரட்டீஸ் செத்தது கி.மு. 399. அவர் வாய்ல போய் 19ஆம் நூற்றாண்டைத் திணிச்சா பாவம், மனுஷன் விஷம் குடிச்சது பத்தாதா?

சரி, 'தர்க்கம்'னு மாத்திடுவோம்னு ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டேன். ஒரு நொடியில 200 இடத்துக்கு மேல மாறிச்சு. பெருமையா ஒரு டீ போட்டுக் குடிச்சுட்டு வந்து பார்த்தா இப்படி ஒரு வரி:

"தர்க்கமும் தர்க்கமும் ஒன்றே என்று ராமுஸ் வாதிட்டார்."

அடுத்த பக்கத்துல ஸ்டோயிக்குகள் "தர்க்கம் தர்க்கத்தின் ஒரு பிரிவு"ன்னு சொல்லிட்டிருந்தாங்க.

மூணாவது முயற்சி. கிரேக்கத்துல அந்தச் சொல்லோட வேர், ஒருத்தரோட ஒருத்தர் பேசறதுங்கற வினை. அப்போ 'உரையாடல்'னு போட்டா வேலை முடிஞ்சது. சாக்ரட்டீஸ் பகுதி அழகா வந்துச்சு, பிளேட்டோவும் பரவாயில்ல. அப்புறம் கிரிசிப்பஸ் வந்தார். "வேட்டை நாய்க்கும் உரையாடல் கைவரும் என்றார் கிரிசிப்பஸ்."

லேப்டாப்பை மூடிட்டேன்.

(அந்த நாய் நிஜமாவே இருக்கு. பொறுங்க, வருது.)

மறுநாள்தான் விஷயம் உறைச்சுது. தப்பு என் தமிழ்ல இல்ல, பட்டியல்லயும் முழுசா இல்ல. அந்தக் கிரேக்கக்காரங்களே இந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம் வச்சுக்கல. ஒவ்வொருத்தரும் தன் கடைக்கு அதே பெயர்ப் பலகையை மாட்டியிருக்காங்க. உள்ள போனா ஒருத்தர் இட்லி விக்கிறார், ஒருத்தர் இரும்பு விக்கிறார்.

அப்போ எனக்கு ஒரு வழி தோணுச்சு. ரொம்பச் சின்னப்பிள்ளைத்தனமான வழி. ஒவ்வொரு இடத்துலயும் நிறுத்தி ஒரே கேள்வி கேக்கறது: இந்த டயலெக்டிக் நடக்கிற அறையில எத்தனை பேர் இருக்காங்க?

சாக்ரட்டீஸா? ரெண்டு பேர். கண்டிப்பா ரெண்டு. ஒருத்தர் கேப்பார், இன்னொருத்தர் பதில் சொல்லணும். அதுவும் நிஜமாவே நம்புறதைத்தான் சொல்லணும். அப்புறம் அவர் சொன்ன நாலு பதிலைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. யூதைஃப்ரோன்னு ஒருத்தர், தெய்வத்துக்கு உகந்தது எதுன்னு எல்லாம் தெரியும்னு ஆரம்பிக்கிறார். சுத்திச் சுத்தி ஆரம்பிச்ச இடத்துக்கே வந்ததும், அவசர வேலை இருக்குன்னு நழுவிடறார். (நாம 'சரி அப்புறம் பேசறேன், டவர் இல்ல'ன்னு வைக்கிறோமே, அதோட மூதாதை.)

இதுல ஒரு ஆபத்து இருக்கு. பிளேட்டோவுக்கே அது தெரியும். எங்க அக்கா பையன் கல்லூரியில விவாதக் குழுவுல சேர்ந்திருக்கான். நாலு தர்க்கப் பிழையோட பேரு கத்துக்கிட்டான், அன்னையிலிருந்து வீட்ல யாரும் வாயே திறக்க முடியல. "மழை வரும் போலிருக்குடா"ன்னா "சித்தி, போதுமான ஆதாரம் இல்லாத பொதுமைப்படுத்தல்"ங்கறான். துணி நனைஞ்சதுதான் மிச்சம்.

பிளேட்டோவோட 'குடியரசு' ஏழாம் பகுதியில இவனைப் பத்தி எழுதியிருக்கு. இளவட்டங்க கையில இது கிடைச்சா, நாய்க்குட்டி கண்டதையும் கடிச்சு இழுக்கிற மாதிரி எல்லாரையும் வார்த்தையால பிய்ப்பாங்க; கடைசியில எதையுமே நம்பாம போயிடுவாங்கன்னு சாக்ரட்டீஸ் எச்சரிக்கிறார். அதனால வருஷக்கணக்கா கணிதம் படிச்சு, 30 வயசு ஆனப்புறம்தான் டயலெக்டிக், அதுவும் அஞ்சு வருஷம். அப்புறம் 15 வருஷம் நாட்டு வேலை. 50 வயசுல உச்சம். இதை அக்காகிட்ட படிச்சுக் காட்டினேன். "இவரை முன்னாடியே தெரிஞ்சிருந்தா காலேஜ்ல சேர்த்தே இருக்க மாட்டேனே"ன்னா.

ஆனா பாருங்க, இங்கயே சொல் நகர ஆரம்பிச்சிடுச்சு. சாக்ரட்டீஸுக்கு எதிராளியைச் சோதிக்கிற பேச்சு. 'குடியரசு'ல அதுவே எல்லாப் படிப்புக்கும் மேல வைக்கிற கோபுரக் கலசம் ஆகுது, நன்மையோட வடிவம் வரைக்கும் ஏறிப் போற ஏணி. 'ஃபைட்ரஸ்'ல இன்னொண்ணு: சிதறிக் கிடக்கிறதை ஒண்ணா சேர்க்கணும், அப்புறம் மூட்டு இருக்கிற இடம் பார்த்து வெட்டணும். கறிக்கடைல கைப்பழக்கம் இல்லாதவர் எலும்பை நொறுக்கிற மாதிரி வெட்டக் கூடாது. 'சோஃபிஸ்ட்'ல இந்த முறையில தூண்டில்காரனுக்கு வரையறை சொல்றாங்க. கலை ரெண்டு வகை, ஆக்கறது, அடையறது. அடையறது ரெண்டு வகை... இப்படியே ரெண்டு ரெண்டா வெட்டிட்டு வந்து, கடைசியில தூண்டில்காரன் மாட்டறான்.

(மனுஷன்னா ரெண்டு கால் உள்ள, இறகில்லாத பிராணின்னு பிளேட்டோ வரையறுத்ததாவும், டயோஜெனிஸ் ஒரு கோழியைப் பிடிச்சு இறகெல்லாம் பிய்ச்சு வகுப்புல கொண்டுவந்து 'இந்தாங்க உங்க மனுஷன்'னு விட்டதாவும் ஒரு பழைய கதை. உடனே வரையறையில 'தட்டை நகம்'னு சேர்த்தாங்களாம். எனக்குப் பிடிச்ச எதிர்வாதம் இதுதான். வாயே திறக்கல.)

இங்கயும் ரெண்டு பேர் பேசிட்டுத்தான் இருக்காங்க. ஆனா இரண்டாமவர் பெரும்பாலும் 'ஆமாம்', 'அப்படித்தான்'னு தலையாட்டுற ஆள் ஆயிட்டார். அதனால என் கணக்குல ஒண்ணரை ஆள்.

அரிஸ்டாட்டில் வந்தாரு. அவரு ஒழுங்கான மனுஷன், எல்லாத்தையும் தனித்தனி டப்பாவுல போட்டு லேபிள் ஒட்டுவாரு. எங்கம்மா மளிகை அடுக்குற மாதிரி. உறுதியான அடிப்படையிலிருந்து கிளம்பி அறிவா முடியற நிரூபணம் ஒரு டப்பா. பெரும்பாலானவங்களோ விவரமானவங்களோ ஒத்துக்கிற கருத்துகள்லேர்ந்து கிளம்புற வாதம் இன்னொரு டப்பா. இந்த ரெண்டாவதுதான் அவருக்கு டயலெக்டிக். பிளேட்டோ கோபுர உச்சியில வச்சதை இவர் இறக்கிக் கீழ்த்தட்டுல வச்சுட்டாரு.

அந்தத் தட்டுக்குன்னே 'டாபிக்ஸ்'னு எட்டுப் பகுதி எழுதியிருக்காரு. கடைசிப் பகுதி முழுக்க விளையாட்டு விதி மாதிரி. கேக்கறவர் எப்படிக் கேக்கணும், பதில் சொல்றவர் எதை ஒத்துக்கலாம், எதை ஒத்துக்கக் கூடாது. ஆமாம் இல்லைன்னு பதில் வர்ற மாதிரி கேள்வி இருக்கணும். அதுல ஒரு அறிவுரை: கண்டவன்கிட்ட எல்லாம் வாதம் பண்ணாதே, சில பேரோட பேசினா வாதமே கெட்டுப் போகும். இவருக்கு எங்க குடும்ப வாட்ஸப் குழு எப்படித் தெரிஞ்சுது?

ஆள் கணக்கு: ரெண்டு. கூடவே விதிப்புத்தகம் ஒண்ணு.

இப்போ நாய்.

ஸ்டோயிக்குகள், டயலெக்டிக்னா எது உண்மை, எது பொய், எது ரெண்டுமில்லைன்னு பிரிச்சுக் காட்டுற அறிவுன்னாங்க. லாஜிக்ங்கறது பெரிய குடை. அதுக்குக் கீழ ஒரு பக்கம் டயலெக்டிக், இன்னொரு பக்கம் சொற்பொழிவுக் கலை. இந்தப் பள்ளியை ஆரம்பிச்ச ஜீனோ, டயலெக்டிக் மூடின முஷ்டி, சொற்பொழிவு விரிச்ச உள்ளங்கைன்னு கையாலயே காட்டுவாராம்.

அந்தப் பள்ளியைச் சேர்ந்த கிரிசிப்பஸோட (கி.மு. 3ஆம் நூற்றாண்டு) வேட்டை நாய் ஒரு மிருகத்தைத் துரத்திட்டு வருது. பாதை மூணா பிரியுது. முதல் பாதையை மோந்து பார்க்குது, வாசனை இல்ல. ரெண்டாவது, இல்ல. மூணாவதை மோந்துகூட பார்க்காம ஓடுது. 'இதுல போயிருக்கணும், இல்ல அதுல, இல்ல மூணாவதுல. இதுலயும் இல்ல, அதுலயும் இல்ல. அப்போ மூணாவது.' நாய்க்கும் டயலெக்டிக் தெரியும்ங்கறாங்க!

பார்த்தீங்களா? அறையில ஒரே ஆள். எதிராளி தேவையே இல்ல. வாதத்தோட வடிவம் சரியா இருந்தா போதும், அது தானா ஓடும்.

(இன்னொரு நாயும் உண்டு. பிளேட்டோவோட 'யூதிடிமஸ்'ல ரெண்டு வாய்ச்சவடால் சகோதரர்கள் வர்றாங்க. உன் நாய் குட்டிகளுக்கு அப்பாவா? ஆமா. அது உன்னுதா? ஆமா. அப்பா, உன்னுது... அப்போ அந்த நாய் உன் அப்பா! இதுக்கு நம்ம ஊர்ல விதண்டாவாதம்னு பேரு. அதுக்கு மட்டும் தமிழ்ச் சொல் தேட வேண்டியதே வரல.)

எபிக்யூரஸ்? டயலெக்டிக்கே வெட்டி வேலைன்னுட்டார். ஆள் பூஜ்யம். மொழிபெயர்ப்பாளருக்குப் பிடிச்ச தத்துவஞானி.

இவ்வளவும் முன்கதை. புத்தகம் மறுமலர்ச்சிக் காலம் பத்தினது, ஞாபகம் இருக்கா? எனக்கே மறந்துபோச்சு.

நடுக்காலப் பல்கலைக்கழகங்கள்ல டயலெக்டிக்கும் லாஜிக்கும் கிட்டத்தட்ட ஒரே பாடம். பசங்க 'பார்பரா'ன்னு மனப்பாடம் பண்ணுவாங்க. அது யாரோ ஒரு அம்மா பேரு இல்ல. அதுல இருக்கிற மூணு 'ஆ' ஓசையும், வாதத்தோட மூணு வரியும் 'எல்லாம் இப்படித்தான்'ங்கற வகைன்னு காட்டுற குறிச்சொல். இப்படியே வரிசையா ஒரு பாட்டு.

இதைப் பார்த்து சலிச்சுக்கிட்ட ஒரு பெரிய ஆள் பெட்ரார்க் (1304–1374). டயலெக்டிக் ஒரு பாதை, போற இடம் இல்லன்னு கடிதத்துல எழுதினார். சின்ன வயசுல அந்த வழியா போலாம், வயசான பிறகும் அங்கயே உட்கார்ந்திருந்தா எப்படின்னு கேலி. அரிஸ்டாட்டில் புகழ் பாடுறவங்களுக்கு எதிரா பிளேட்டோவைத் தூக்கிப் பிடிச்சார். வேடிக்கை என்னன்னா, அவர்கிட்ட பிளேட்டோ கிரேக்க மூலத்துலயே இருந்துச்சு, ஆனா அவருக்குக் கிரேக்கம் வாசிக்கத் தெரியாது. (என் அலமாரியில பாதிப் புத்தகம் அந்த நிலைமையிலதான் இருக்கு. ஆறுதலா இருந்துச்சு.)

அப்புறம் கதவு திறக்குது. 1397ல மனுவேல் கிரிசொலோராஸ் ஃபிளாரன்ஸுக்கு வந்து கிரேக்கம் கத்துக்கொடுக்கிறார். 1433ல டயோஜெனிஸ் லயெர்ஷியஸ் எழுதின தத்துவஞானிகள் வரலாறு லத்தீனுக்கு வருது, ஸ்டோயிக்குகள், எபிக்யூரஸ் கதையெல்லாம் அதோட வருது. 1439ல பிளேத்தான், கிரேக்கத்து மிஸ்ட்ராவுலேர்ந்து சர்ச் மாநாட்டுக்கு வந்தவர், ஃபிளாரன்ஸ்ல உட்கார்ந்து அரிஸ்டாட்டில் எங்கெங்க பிளேட்டோகிட்ட தோக்குறாருன்னு ஒரு நூலே எழுதறார். 1484ல ஃபிச்சினோவோட முழு பிளேட்டோ லத்தீன்ல அச்சாகுது. 1495லிருந்து 1498க்குள்ள வெனிஸ்ல ஆல்டஸ் மனூஷியஸ், அரிஸ்டாட்டிலைக் கிரேக்கத்துலயே அச்சடிக்கிறார்.

பாடநூல் வழியா ஒரே குரலா கேட்டுட்டிருந்த கிரேக்கம், திடீர்னு ஒரு கல்யாண வீடு ஆயிடுச்சு. எல்லா மாமாவும் ஒரே நேரத்துல பேசறாங்க. டயலெக்டிக்னா என்னங்கற கேள்விக்கு இப்போ 'எந்த மாமாவைக் கேக்கற?'ன்னு திருப்பிக் கேக்கணும்.

லொரென்சோ வல்லா கோபக்காரர். 1439 வாக்குல அவர் எழுதின நூலோட லத்தீன் தலைப்புல 'திரும்பக் கொத்திக் கிளறுறது'ங்கற விவசாய வேலை ஒண்ணு வரும். டயலெக்டிக்ங்கற நிலத்தையே மறுபடி கொத்திப் புரட்டணும்னார். அரிஸ்டாட்டிலோட பத்து வகைப்பாட்டை மூணாக் குறைச்சார்: பொருள், பண்பு, செயல். போதும்! டயலெக்டிக் ரொம்பச் சின்ன, சுலபமான சமாச்சாரம், பேச்சுக்கலையோட ஒரு அங்கம்தான், அதை ஏன் இப்படி ஊதிப் பெருசாக்கினீங்கன்னு கேட்டார். ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம்னு தீர்மானிக்க அவர் வச்ச அளவுகோல், மொழி எப்படிப் புழங்குதுங்கறது. (அவர் சொன்ன புழக்கம் பெரும்பாலும் சிசரோவும் குவின்டிலியனும் எழுதின லத்தீன். அவங்க செத்து 1300 வருஷத்துக்கு மேல ஆச்சு. பரவால்ல.)

அவருக்கு அடுத்து ருடால்ஃப் அக்ரிகோலா, 1479ல முடிச்சு 1515ல அச்சான நூல். எந்த விஷயத்தைப் பத்தியும் கேக்கறவர் மனசுல பதியற மாதிரி வாதம் எங்க கிடைக்கும்னு 24 'இடங்கள்' குறிச்சுக் கொடுத்தார். புதையல் வரைபடம் மாதிரி.

இவங்க ரெண்டு பேரோட அறையில எத்தனை ஆள்? பேசறவர் ஒருத்தர், எதிர்ல ஒரு கூட்டம். முஷ்டியைப் பிரிச்சு உள்ளங்கையோட சேர்த்துட்டாங்க.

ஃபிளாரன்ஸ்ல இன்னொரு சண்டை. பிளேட்டோவோட 'பார்மெனிடிஸ்' இருக்கே, தலை சுத்தும். கிழவர் பார்மெனிடிஸ், 'ஒன்று' இருக்குன்னா என்ன ஆகும், இல்லைன்னா என்ன ஆகும்னு பக்கம் பக்கமா கேள்வி கேக்கறார். ('ஆமா'ன்னு பதில் சொல்ற பையன் பேரு அரிஸ்டாட்டில்! நம்ம அரிஸ்டாட்டில் இல்ல, வேற ஆள். இதுக்கு ஒரு அடிக்குறிப்பு போட்டேன், சுத்தி வளைச்சு அரை நாள் ஆச்சு.) ஃபிச்சினோவுக்கு அது இறைவனைப் பத்தின உச்சகட்ட ரகசியம். அவரைவிட 30 வயசு சின்னவரான பீகோ, 1491ல எழுதின சின்ன நூல்ல, அதெல்லாம் ஒண்ணுமில்ல, வெறும் டயலெக்டிக் பயிற்சின்னு சொல்லிட்டார். 'வெறும்'! அங்கதான் அடி. ஒருத்தருக்கு டயலெக்டிக் கடவுள்கிட்ட போற படி. இன்னொருத்தருக்குத் தண்டால், பஸ்கி. அதே நூல், அதே பக்கங்கள். ஃபிச்சினோ தன் உரையில, அந்த அற்புத இளைஞன் எதிர்த்துப் பேசறதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்ங்கற ரீதியில நொந்துக்கிட்டார்.

(இந்தப் பீகோதான் 1486ல 900 கருத்துகளை அச்சடிச்சு, ரோமுக்கு வந்து என்னோட வாதாட யார் தயார்னு சவால் விட்டவர். போப் நிறுத்திட்டார். சவால் விட்டப்போ பீகோவுக்கு வயசு 23. பிளேட்டோவோட 30 வயசு விதி ஞாபகம் வருதா?)

கடைசியா ராமுஸ். பாரிஸ்ல ஏழைப் பையன், கல்லூரியில எடுபிடி வேலை செஞ்சு படிச்சவர். 1543ல அரிஸ்டாட்டிலை வெளுத்து வாங்கினார், 1544ல அரசரே தத்துவம் கத்துக்கொடுக்கத் தடை போட்டார், 1551ல அரசுப் பேராசிரியரா திரும்ப வந்தார். அரிஸ்டாட்டில் ரெண்டு டப்பாவுல போட்டதை இவர் ஒரே டப்பாவுல கொட்டினார். உறுதியான அறிவுக்கு ஒண்ணு, கருத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு கலை எதுக்கு? ஒரே கலைதான், டயலெக்டிக்னு சொல்லு, லாஜிக்னு சொல்லு, எல்லாம் ஒண்ணு. (என் 'தர்க்கமும் தர்க்கமும்' வரி இதுதான். நான் செஞ்ச பிழையில அவரு கொள்கை அப்படியே வந்திருக்கு!)

அதை நல்லா விவாதிக்கிற கலைன்னுதான் அவர் வரையறுத்தார். ஆனா அவர் வழிவந்த பாடநூலைத் திறந்தா, பக்கம் முழுக்க அடைப்புக்குறி போட்டுப் பிரியற வரைபடம். ஒண்ணு ரெண்டா பிரியும், ரெண்டு நாலாகும். தூண்டில்காரனைப் பிடிச்ச அதே வெட்டு, இப்போ அச்சு எழுத்துல. பேசறதுக்கு அங்க யாருமே இல்ல. 1958ல வால்டர் ஓங்னு ஒரு அறிஞர் ராமுஸ் பத்தி எழுதின தடிமனான நூலோட தலைப்புலயே உரையாடலோட தேய்வைப் பத்திப் பேசறார். அதைப் படிச்சப்போ, என் ஆள் கணக்கு அவ்வளவு சின்னப்பிள்ளைத்தனம் இல்லன்னு ஒரு தைரியம் வந்துச்சு. (1572 பாரிஸ் படுகொலையில ராமுஸைக் கொன்னுட்டாங்க. அந்தப் பத்தியை மொழிபெயர்த்த அன்னைக்கு வேற எதுவும் ஓடல.)

அதே காலத்துல பாதுவாவுல ஸபரெல்லா அமைதியா அரிஸ்டாட்டிலோட டப்பாக்களைத் திரும்ப லேபிள் ஒட்டி அடுக்கிட்டிருந்தார். ராமுஸ் வந்ததோட தீர்ந்துச்சுன்னு இல்ல, சண்டை தொடர்ந்துச்சு.

இவ்வளவையும் எடுத்துக்கிட்டு பதிப்பாசிரியருக்குப் போன் பண்ணினேன்.

"மேடம், வாசகர் குழம்புவாங்க. ஒரே சொல் போடுங்க."

"சார், அந்தக் குழப்பம்தான் சார் புத்தகமே."

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. சரி, பணம் போச்சுன்னு நினைச்சேன்.

அப்புறம் அவர் கேட்டார், "சரி, சாக்ரட்டீஸுக்கு என்ன போடுவீங்க?" ஆரம்பிச்சது ஒண்ணே முக்கால் மணி நேரம். எல்லா இடத்துலயும் 'டயலெக்டிக்'னே தமிழ் எழுத்துல போட்டுடலாம்ங்கறது என் கட்சி. "அது மொழிபெயர்ப்பு இல்ல மேடம், ஒளிஞ்சுக்கறது"ன்னார். கோபம் வந்துச்சு. பத்து நிமிஷத்துல அவர் சொல்றது சரின்னு பட்டுச்சு. ஸ்டோயிக்குகளுக்கும் 'வாதக்கலை' போடுங்கன்னார். நான் நாயைச் சொன்னேன். சிரிச்சுட்டு விட்டுட்டார்.

சாக்ரட்டீஸ், பிளேட்டோவுக்கு உரையாடற்கலை. அரிஸ்டாட்டில், வல்லா, அக்ரிகோலாவுக்கு வாதக்கலை. ஸ்டோயிக்குகளுக்கு மெய்ம்மை ஆய்வு (இது அவர் சொன்னது, எனக்கு இன்னும் அரைமனசுதான்). ராமுஸ் வரி இப்போ இப்படி நிக்குது: வாதக்கலையும் தர்க்கமும் ஒன்றே என்றார். வாசிச்சா, ஏன் அரிஸ்டாட்டில்காரங்களுக்குக் கோபம் வந்துச்சுன்னு புரியுது.

போன வாரம் அந்த எக்ஸெல் கோப்பு திருத்தி வந்துச்சு. அடியில இருந்த தடிச்ச எழுத்துக் கட்டளையைக் காணோம். வலது பக்கம் புதுசா ஒரு பத்தி சேர்த்திருக்கார், தலைப்பு: 'எத்தனை ஆள்?'

சாக்ரட்டீஸ், 2. எபிக்யூரஸ், 0.

ஸ்டோயிக்குகள், 1 (நாய் உட்பட).